பத்தாயிரம் ‘பார்க்கலாம்’

என் சகலை புதுத் தொழில் தொடங்கப்போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்பு அவன் மூன்று தொழில் தொடங்கியிருந்தான். மீன்தொட்டி விற்றான், மீன்களெல்லாம் செத்துப்போயின. மெத்தை விற்றான், வாங்கியவர்களுக்கெல்லாம் முதுகு பிடித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய் ஜன்னல் துடைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றை வைத்தான், அது மூன்றாவது வீட்டின் கண்ணாடியோடு சேர்ந்து உடைந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகப் போய் ஆறுதல் சொன்னவன் நான்தான். ஆறுதல் சொல்வதில் இருக்கிற சுகம் இருக்கிறதே, அடடா!

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் பார்த்தால் வாங்க, போங்க. மனதுக்குள் அவன், இவன். அவனும் அப்படித்தான் வைத்திருப்பான், சந்தேகமே வேண்டாம்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிறவன். பதினேழு வருஷமாக ஒரே நாற்காலி. கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த இடத்தில், ஆஸ்பத்திரி பிளாஸ்திரியையே ஒட்டி வைத்திருந்தேன். மணி அடித்தால் எடுப்பேன். எந்தப் பல், எத்தனை நாளாக வலி, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுவேன். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பீர்கள். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

வித்தை இருக்கிறது. “வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றீங்களா?” என்று கேட்டுப்பாருங்கள். நம் ஜனங்கள் வாயிலிருந்து “முடியாது” என்று ஒரு சொல் வராது. “பார்க்கலாம்” என்பார்கள். பார்க்கலாம் என்றால் வரமாட்டார்கள். “பார்க்கலாங்க…” என்று இழுத்தால் வேறு டாக்டரிடம் ஏற்கெனவே போயாகிவிட்டது. “பார்ப்போம், பார்ப்போம்” என்று இரண்டு தடவை சொன்னால் ஊசிக்குப் பயம். “சரி, பார்க்கலாம், வரேன்” என்றால் போனை வைக்கப்போகிறார்கள், அந்த ‘வரேன்’ பக்கத்துத் தெருவுக்குக்கூட வராது. இதையெல்லாம் காதால் எடைபோட்டுத்தான் நோட்டில் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யவேண்டும். என் பதினேழு வருஷத்தில் டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்கு வந்தான். கழுத்தில் பச்சை நிறத்தில் ஒரு அட்டை தொங்கியது.

“ஏஐ தானியக்கம், சகலை” என்றான்.

“அப்படின்னா?”

“மனுஷன் செய்ற வேலையை மெஷின் செய்யும். நாம சும்மா இருக்கலாம்.”

“நீங்க இப்பவும் அப்படித்தானே இருக்கீங்க?”

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்தான் என்றால் இந்தத் தடவை ஏதோ கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கையில் இருந்தது என் டாக்டர்தான். “எங்க சகலை உங்ககிட்டதான் வேலை பார்க்கிறாரு” என்று என் பெயரைச் சொல்லியே உள்ளே நுழைந்திருக்கிறான், படுபாவி. போனில் பேசும் மெஷின் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டான். அதற்குக் ‘குயில்’ என்று பெயர். இனிமையான பெண் குரல். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “காலைல நீங்க எடுங்க, மத்தியானத்துக்கு மேல குயில் எடுக்கட்டும். மூணு மாசம் சோதனை. சரியா வந்துச்சுன்னா…” என்று நிறுத்திவிட்டு என் நாற்காலியைப் பார்த்தார். பார்த்தது பிளாஸ்திரியைத்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வீட்டில் சமாதானம் செய்ய ஆளில்லை. “தங்கச்சி வீட்டுக்காரர் மெஷினையே பேச வைக்கிறாரு. நீங்க பேசுறதையே பதினேழு வருஷமா செஞ்சுட்டு இருக்கீங்க” என்றாள் மனைவி. அவள் வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எரிந்தது.

சரி, அவன் எங்கே கற்றானோ அங்கேயே நானும் கற்கிறேன், அவனைவிடப் பெரிய கம்பெனியாக வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மத்தியானம்தான் குயில் புண்ணியத்தில் சும்மா கிடந்ததே.

அந்த இடத்தின் பெயர் தானியக்கத் தொழில் வளர்ச்சி மையம். ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. வாசலில் தானாகத் திறக்கும் கதவு. அது தானாகத் திறப்பதற்காகப் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் நின்று இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். “பழுதா?” என்று கேட்டேன். “சேச்சே, திறக்குது பாருங்க” என்றார்.

உள்ளே ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி: உங்கள் வாடிக்கையாளரின் வலி என்ன? இது எனக்குத் தெரிந்த பாடம். ‘கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக் கடைவாய்ப்பல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிகம்’ என்று எழுதினேன்.

படிவத்தை வாசித்த இயக்குநர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மெல்லிய மனிதர், மெல்லிய கண்ணாடி. “பன்னிரண்டு வருஷமா இந்த மையத்தை நடத்துறேன். வலியை இவ்வளவு துல்லியமா யாருமே சொன்னதில்லை” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நன்றி சார். அந்தப் பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடும்.”

“பிடுங்கறதா? வலி போயிட்டா வாடிக்கையாளரும் போயிடுவாரே!” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பழுப்பு நிற அட்டை கிடைத்தது. பழுப்பு என்றால் ‘விதை’. அதற்கு மேலே முளை, செடி, மரம், தோப்பு. என் சகலை ஏற்கெனவே செடி. மதியம் சாப்பாட்டு அறையில் செடிகளுக்கு ஜன்னலோரம் இடம். விதைகள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவன் அங்கேயிருந்து எனக்குக் கையசைத்தான். ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

“உங்க நிறுவனம் என்ன செய்யப்போகுது?” என்று முதல் வகுப்பில் இயக்குநர் கேட்டார்.

“இன்னும் யோசிக்கலை சார்.”

“யோசிக்காதீங்க. யோசிச்ச யாரும் இங்க மரமானதில்லை. முதல்ல வளருங்க. என்ன வளருதுங்கறதை அப்புறம் தெரிஞ்சுக்கலாம்.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “பெருமையோட சொல்றேன். இந்த மையத்திலிருந்து இதுவரைக்கும் நானூறு தானியக்க நிறுவனங்கள் பிறந்திருக்கு. அதுல முந்நூற்றுத் தொண்ணூறு நிறுவனம், தானியக்க நிறுவனம் தொடங்குறது எப்படின்னு கத்துக்கொடுக்குது. மீதி பத்தும் அவங்ககிட்ட கத்துக்கிட்டு இருக்கு.”

எல்லோரும் கைதட்டினோம். கைதட்டுவதுதான் அங்கே முக்கியமான பாடம். தினமும் மூன்று மணிக்கு மணி அடிக்கும். கூடத்தில் சுவர் அளவுக்கு ஒரு திரை, அதன் பெயர் வளர்ச்சிப் பலகை. ஒவ்வொரு நிறுவனமும் வாடிக்கையாளரிடம் வாங்கிய சம்மதங்களின் எண்ணிக்கை அதில் ஓடும். ஏறினால் தட்டவேண்டும். இரண்டாவது வாரத்தில் நேரம் வீணாகிறது என்று கைதட்டலையும் தானியக்கமாக்கினார்கள். ஒலிபெருக்கி கைதட்டும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு அது முடியும்வரை நிற்போம். முன்பு ஒரு நிமிஷம் ஆனது, இப்போது நான்கு நிமிஷம்.

பலகையில் முதல் பெயர் என் சகலையுடையது. அடுத்து இருந்தவனுக்குப் பதினொன்று. என் சகலைக்கு ஆயிரத்து எண்ணூறு.

எப்படி? எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் குயிலின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு மட்டும் நாற்பத்தோரு பேர். வியாழக்கிழமை வந்தது. டாக்டர் கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒரு ஈ வந்தது. அதற்குப் பல் இல்லை.

அன்றைக்கே குயிலின் பேச்சுப் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன்.

“வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கலாமா?”

“பார்க்கலாம்.”

“மிக்க நன்றி. உங்கள் வருகை உறுதிசெய்யப்பட்டது.”

நாற்பத்தோரு பேரும் அதே கதை. மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கலாமா என்று கேட்டது, பார்க்கலாம் என்றார்கள், எழுதிக்கொண்டது. இலக்கணப்படி நூற்றுக்கு நூறு சரி. நானோ டாக்டரோ ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் திருத்திவிடலாம். டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் சொல்லவில்லை. பொறாமைதான், வேறென்ன? மூன்று மாதம் இப்படியே ஓடட்டும், குயில் வாயைப் பிளக்கும், என் நாற்காலி எனக்கே வரும், சகலை நான்காவது தடவையாகக் கவிழ்வான். போய்ச் சொல்லவேண்டிய ஆறுதலைக்கூடக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து வைத்தேன். “போனா போகுது, விடுங்க சகலை. எல்லாருக்கும் எல்லாம் அமையுமா?” நன்றாகத்தான் வந்தது.

ஆனால் அவன் கவிழவில்லை. டிரைவிங் ஸ்கூல் ஒன்று குயிலை வாங்கியது. பிறகு ஒரு மரச்சாமான் கடை. கட்டில் வாங்கலாமா என்று குயில் ஊரெல்லாம் கேட்டது. ஊரே பார்க்கலாம் என்றது. பலகையில் எண் நாலாயிரம், ஆறாயிரம் என்று போனது. அவன் மரமானான். எனக்கு இன்னும் பழுப்பு அட்டை.

டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மையத்துக்கே போன் போட்டார். அங்கே போன் எடுத்ததும் குயில்தான்.

“ஆளே வர்றதில்லை! இந்த மெஷினை எடுத்துட்டுப் போங்க!”

“உங்கள் கருத்துக்கு நன்றி. சேவையை மேலும் ஓராண்டு தொடர்ந்து பார்க்கலாமா?”

“தொடர்ந்துடுவியா நீ? அதையும்தான் பார்க்கலாம்!” என்று கத்தினார் டாக்டர்.

“மிக்க நன்றி. உங்கள் ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.”

டாக்டர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “அடடா, என்ன சார் இப்படி?” என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இந்தப் பாவத்துக்கு நான் பிறகு அனுபவித்தேன், அதையும் சொல்கிறேன்.

சம்மதம் பத்தாயிரத்தைத் தொட்ட அன்று மையத்தில் விழா வைத்தார்கள். என் சகலைக்குத் ‘தோப்பு’ பட்டம். குடும்பத்தோடு வரச் சொன்னான். முதல் வரிசையில் என் மனைவியும் அவள் தங்கையும். தங்கையைவிட என் மனைவிதான் அதிகம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். விதைகளுக்குக் கடைசி வரிசை. அங்கேயிருந்து அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தில்கூட அவள் இப்படிக் கைதட்டலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இயக்குநர் பேசினார். “மனிதர்களுடைய சம்மதத்தை வாங்குறது எவ்வளவு கஷ்டம்! ஆனா குயில் கேட்டா, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சம்மதிக்கிறாங்க. வராங்களா, வாங்குறாங்களாங்கறது அற்பமான கேள்வி. அதெல்லாம் அவங்க சொந்த விஷயம். நாம அதுல தலையிடுறதில்லை.” ஒலிபெருக்கி நான்கு நிமிஷம் கைதட்டியது. “யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்.”

எழுந்திருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் தானாக எழுந்துவிட்டது.

“சார், அது பத்தாயிரம் சம்மதம் இல்லை. பத்தாயிரம் பேர் மாட்டேன்னு சொல்லியிருக்காங்க.”

என் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“யாருங்க நீங்க?”

“விதை சார். ஒரு சின்ன விஷயம். நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா?”

இயக்குநர் பழக்கதோஷத்தில் இனிமையாகச் சிரித்தார். “அதுக்கென்ன, பார்க்கலாம்.”

“வருவீங்களா?”

சிரிப்பு அப்படியே நின்றது. முதலில் வாசலில் கதவு இழுக்கிறவர் சிரித்தார். பிறகு விதைகள். பிறகு கூடம் முழுக்க. என் சகலையின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். பதினைந்து வினாடி இருக்கும். என் வாழ்க்கையிலேயே இனிப்பான பதினைந்து வினாடி அதுதான்.

பதினாறாவது வினாடியில் இயக்குநர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

“கேட்டீங்களா? மாட்டேன்னு வாய் திறந்து சொல்ல முடியாத மக்கள்! எப்பேர்ப்பட்ட வலி! பத்தாயிரம் பேருடைய வலியை ஒரே நிறுவனம் கண்டுபிடிச்சிருக்கு. இனிமே பார்க்கலாம்ங்கறதுக்கு உள்ளே இருக்கிற மனசையும் குயில் புரிஞ்சுக்கும். உலகத்திலேயே முதல் தடவையா, மனசறியும் குயில்! தோப்புக்கு மேல ‘வனம்’னு ஒரு பட்டத்தை இந்த மேடையிலேயே உருவாக்குறேன்!”

ஒலிபெருக்கி கைதட்டியது. சகலை மேடையிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “சகலை, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?” அவன் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுவாரம் டாக்டர் கூப்பிட்டார். “குயில்தான் இனிமே மனசையே புரிஞ்சுக்குமாமே. ரெண்டு பேர் எதுக்கு?”

“அதை அனுப்பிடலாமே சார்.”

“எப்படி அனுப்புறது? ஒரு வருஷ ஒப்பந்தம் இருக்கே. உங்ககிட்ட அப்படி எதுவும் போடலையே” என்றார், ரொம்ப வருத்தத்தோடு. பதினேழு வருஷத்தில் ஒப்பந்தம் போடவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. நாற்காலியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சகலைதான் வேலை கொடுத்தான். மையத்தின் ஆறாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை, காதில் மாட்டும் கருவி. போன் வரும். நான் பேசுவேன். என் குரலை ஒரு மெஷின் குயிலின் குரலாக மாற்றி அனுப்பும். அந்தக் கம்பெனியிலேயே உண்மையாக வேலை செய்யும் மெஷின் அது ஒன்றுதான். எனக்கு ஒரு பக்கத்தில் டிரைவிங் ஸ்கூலில் போன் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள். இன்னொரு பக்கம் மரச்சாமான் கடையில் எடுத்தவர். குயில் யார் யார் வேலையை எடுத்ததோ அவர்களெல்லாம் குயிலாகியிருந்தோம். சுவரில் ‘மனிதத் தலையீடே இல்லாத சேவை’ என்று பெரிதாக எழுதியிருந்தது. வெளியே யாரிடமும், கட்டின மனைவியிடம்கூட, சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்த வேலைக்கு ஒப்பந்தம் இருந்தது. பதவியின் பெயர் ‘வளர்ச்சி ஆலோசகர்’. அட்டை நிறம் அதே பழுப்பு.

டாக்டரின் அறை மறுபடியும் நிரம்பியது. இயக்குநர் என் சகலையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் வந்தது. “வணக்கம், நான் குயில்” என்றேன். அந்தப் பக்கம் என் மனைவி.

“பல்லு வலிக்குதும்மா” என்றாள்.

பழக்கத்தில் கேட்டேன். “எந்தப் பல்லுங்க? எத்தனை நாளா?”

“கீழே, வலது பக்கம். மூணு வாரமா. ராத்திரியெல்லாம் ஒருக்களிச்சுப் படுக்கவே முடியலை.”

மூன்று வாரம். பக்கத்தில் படுத்திருக்கிறவன் நான். “வீட்டுல சொல்லலையாங்க?”

“எங்க? அவருக்கு என் தங்கச்சி வீட்டுக்காரர் மேல பொறாமைப்படவே நேரம் பத்தலை. சொன்னாலும் பார்க்கலாம்பாரு.”

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். இடது பக்கம் மெல்லச் சொன்னேன். பயப்படாதீங்க, டாக்டருக்குக் கை ரொம்ப மெதுவு என்றேன். பத்து நிமிஷம் பேசினோம். கடைசியாக அவளோடு அவ்வளவு நேரம் எப்போது பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு எழுதிக்கொண்டேன். “கண்டிப்பா வரேம்மா” என்றாள். அது வருகிற ‘வரேன்’.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். “அந்தக் குயில்கிட்ட இன்னிக்குப் பேசினேங்க” என்றாள். “என்ன பொறுமை! என்ன அக்கறை! பேசினதுலயே பாதி வலி போயிடுச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் மெஷினுக்குக்கூட மனசு வச்சிருக்காரு. நீங்களும் இருக்கீங்களே.”

எனக்குக் குயில் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. சகலை மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. நான்தான் அது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையெழுத்து ஞாபகம் வந்தது. கையெழுத்து இல்லாவிட்டாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

“வியாழக்கிழமை நானும் கூட வரட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். புதிதாக எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். “பார்க்கலாம்” என்றாள்.

புதன்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உறுதிசெய்வது குயிலின் வேலை. அவளையும் கூப்பிட்டேன். கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று, துணைக்கு யாராவது வருகிறார்களா என்பது. கேட்டேன்.

“வீட்டுல அவர் வரேன்னாரு” என்றாள். “பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.”

“மிக்க நன்றி” என்று சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு நேரே ‘தனியாக வருகிறார்’ என்று எழுதிக்கொண்டேன்.